முறிகண்டியில் நிற்காத கோச்சி

கோச்சி முறிகண்டியில் நிற்காமல் போனதும் நசீர் நானா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

அவர் வந்தது பல்லுக்கு. மேல் முரசுக்கு, அதுதான் மேல் ஈறுக்கு, அச்சு எடுத்து முடிந்து, வாய் கொப்பளித்துவிட்டு, அடுத்த அறையில் வேலை எவ்வளவில் நிற்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறார். என் மனுசனுக்கு அது போதும். தோளில் பிடித்து இருத்தி, தன் கையால் செய்த பொம்மை ரயிலை, எங்கள் பேச்சில் கோச்சியை, ஓடவிட்டுக் காட்டினார். கிளிநொச்சியில் இருந்து புறப்பட்டது. டக், டக் என்று சுவரோரப் பலகையில் மெல்ல வந்தது. தீப்பெட்டி அளவில் நான் செய்து வைத்த முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி, திரும்பியும் பாராமல் மாங்குளம் பக்கம் போய்விட்டது.

"தவம், இது என்ன போக்கு? முறிகண்டியில நிப்பாட்டேல்லையே?"

"இது கடுகதி எக்ஸ்பிரஸ், நானா. கடுகதி முறிகண்டியில நிக்கிறேல்ல."

"கடுகதியோ கழுதையோ. நான் முஸ்லிம் மனுசன். எவ்வளவு அவசரமெண்டாலும் அதில லொறியை நிப்பாட்டி ஒரு சுருள் கச்சான் கடலை வாங்காமல் நான் தாண்டினதில்லை. நீ திருநீறு பூசுற ஆள். நீ இப்பிடிப் போறாய்."

பல் இல்லாத வாய். பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் விளங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்கள் வேதக்காரர். நீங்களே சொல்லுங்கோ, இது நியாயமோ?"

"நிக்கோணும், நானா. நிக்காத கோச்சியில ஆர் ஏறுறது?" என்றேன்.

என் மனுசன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்குள்ளேயே கட்சி மாறிவிட்டாள் என்ற பார்வை. சமாதானம் என்று சொல்லிக் கண்டி வீதிப் பாதை திறந்து ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகியிருக்கும். அன்றைக்குத் தொடங்கிய அந்தச் சண்டை எங்கள் வீட்டில் முடியவே இல்லை.

பல்லுத் தவம்

போன கிழமை இந்தப் பத்தியை அப்பாவின் வள்ளம் விற்ற கதையோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு அடுத்து என்ன எழுதுவது என்று யோசிக்க முதலே இந்த மனுசன் தன் கோச்சியோடு வந்து நிற்கிறார். வழிவிடாமல் போக ஏலாது.

பெயர் தவராசா. தொழில் பல் கட்டுவது. கிளிநொச்சி, வட்டக்கச்சி, பரந்தன் பக்கமெல்லாம் பல்லுத் தவம் என்றால் தெரியாதவர் இல்லை. நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த றெஜினா. என் அப்பாவுக்குப் பல் கட்ட வந்தவர் மகளையும் கட்டிக்கொண்டு போய்விட்டார் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வட்டக்கச்சியில் ஒரு வீடு, முன் அறையில் பல் வேலை, அடுத்த அறையில் கோச்சி.

இவர் பிறந்தது கிளிநொச்சி ஸ்ரேசனுக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டில். சின்ன வயதில் தூங்கியதே கோச்சிச் சத்தத்தில்தானாம். தொண்ணூறாம் ஆண்டளவில் வடக்குக்கு வந்த கோச்சி நின்றுபோனது. அன்றில் இருந்து நித்திரை சரியில்லை என்பார். நான் பக்கத்தில் படுக்கிறவள். குறட்டை விட்டதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கோச்சி என்று நான் சொல்லுவதும் பிடிக்காது. "புகையிரதம் எண்டு சொல்லும்" என்பார். "புகை எங்க வருது? டீசல்தானே ஓடினது" என்று நானும் விடமாட்டேன். இப்போது அவர் இல்லை. குறுக்கே விழுந்து திருத்த ஆளில்லாதபடியால் கோச்சி என்றே எழுதுகிறேன். எழுதும்போது கை ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது.

வாய்க்குள் களி, கையில் விரல்

முறிகண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டி வீதியோரம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அந்த வீதியால் போகிற எந்த வாகனமும் அதில் நிற்கும். பஸ் நிற்கும், லொறி நிற்கும், கல்யாணக் கார் நிற்கும், சவம் கொண்டுபோகிற வாகனமும் நிற்கும். இறங்குவார்கள், கும்பிடுவார்கள், தேங்காய் அடிப்பார்கள், கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு ஏறுவார்கள். சைவமோ வேதமோ இஸ்லாமோ, நிற்காமல் போனால் வழியில் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் எல்லாருக்கும் பொது. எனக்கும் உண்டு. சுவாமியாரிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட வன்னியில் பிறந்த ஒரு சைவப்பழம், தன் கோச்சி மட்டும் நிற்காது என்று சொன்னால் என்ன செய்வது?

"சரித்திரம் எண்டால் சரித்திரம்தான், றெஜி. நாலு பேர் கேட்டினம் எண்டு மாத்தேலாது."

இவர் சரித்திரம் சேர்த்த விதத்தைக் கேளுங்கோ. இடம்பெயர்ந்து அலைந்து நாங்கள் திரும்பி வந்தபோது கிளிநொச்சி ஸ்ரேசனுக்குக் கூரை இல்லை. சுவரெல்லாம் ஓட்டை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எப்போதோ கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. கோச்சி போன தடத்தில் பற்றை. பற்றைக்குள் மிதிவெடி. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைத் தாண்டிக் கால்வைக்க ஏலாது. இவர் வீதியில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பார். பிறகு சைக்கிளைத் திருப்புவார்.

அளக்க முடியாது, படமும் இல்லை. அதனால் பல் கட்ட வருகிறவர்களிடம் கேட்டார். அதுவும் எப்போது? அச்சு எடுக்கும் களி வாய்க்குள் இறுகிக்கொண்டிருக்கும்போது! நோயாளி வாயைத் திறந்தபடி அண்ணாந்து இருப்பார். எழும்பி ஓட முடியாது. இவர் கேட்பார்:

"ஐயா, கிளிநொச்சி ஸ்ரேசன் முகப்பில எத்தினை தூண்?"

அவர் விரலைக் காட்டுவார்.

"தண்ணித் தாங்கி பரந்தன் பக்கமோ, முறிகண்டிப் பக்கமோ?"

ஐயா பாவம், கையை ஒருபக்கம் நீட்டுவார். அடுத்த நாள் வருகிற அம்மா மறுபக்கம் நீட்டுவா. களியை எடுத்த பிறகு சிலர், "நான் நாலு எண்டு காட்டேல்ல, உம்மட கையை எடும் எண்டு காட்டினனான்" என்று சண்டைக்கு வருவார்கள். எங்கள் அறையில் இருந்த கிளிநொச்சி ஸ்ரேசன் இப்படிப் பேச முடியாத மனிதர்கள் சேர்ந்து கட்டியது. தூண்கள் சரியோ பிழையோ தெரியாது. ஆனால் பார்த்த அத்தனை பேரும், "ஓம், இதுதான்" என்றார்கள். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வாங்குப் பலகையிலதான் இருந்து நான் என்ர மனுசனைப் பாத்துக்கொண்டு இருக்கிறனான்" என்றா. 

முரசு நிறக் கூரை

கோச்சி செய்ய இவரிடம் இருந்தது பல்லுக்குரிய சாமான்கள் மட்டும்தான். பல்செட்டின் முரசுப் பகுதிக்கு ஒரு றோஸ் நிறப் பொடி போடுவார்கள். அதையே குழைத்து அச்சில் ஊற்றிக் கோச்சிக்குச் சக்கரச் சில்லு வார்த்தார். ஸ்ரேசன் கூரையும் அதே பொடி. ஆகவே எங்கள் கோச்சி றோஸ் நிறச் சில்லில் ஓடி, றோஸ் நிறக் கூரைக்குக் கீழ் வந்து நின்றது. எங்கட கோச்சி முரசைக் காட்டிச் சிரிக்குது என்று நான் சொல்லுவேன். பழுதான கசற் றேடியோவின் மோட்டர், பெட்டிக்குள் பற்றறி, எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சுவிச். அவ்வளவுதான்.

தண்டவாளம்தான் பெரிய கதை.

வவுனியாவில் இருந்து லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போகிற நசீர் நானா வழியில் எங்கள் வீட்டுக்கு வருவார். அவரும் மற்ற முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் ஒரு வாழ்க்கை வாழ்ந்து, பாதை திறந்த பிறகு தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தவர். வளவுக்குள் தென்னை மாத்திரம்தான் மிஞ்சியிருந்தது என்று ஒருமுறை சொன்னார்.  

அவரிடம் இவர் சைக்கிள் கம்பி கேட்டார். சில்லில் பூட்டுகிற ஸ்போக் கம்பி. கட்டுக் கட்டாக.

"என்ன தவம், சைக்கிள் கடை போடப் போறியோ?"

"இல்லை நானா, தண்டவாளம் போடப் போறன்."

நானா என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன்.

சைக்கிள் கம்பியின் ஒரு நுனி வளைந்திருக்கும், மற்ற நுனியில் மரை இருக்கும். இவர் ஒன்றைக்கூட வெட்டவில்லை. பலகையில் துளை போட்டு, வளைந்த நுனியை அதற்குள் இறக்கி, வரிசையாகப் படுக்க வைத்தார். ஆணியே தேவையில்லை. ஒவ்வொரு கம்பி முடிகிற இடத்திலும் சில்லு தட்டும். அந்த டக், டக் சத்தத்துக்காகவே கம்பியைத் தேர்ந்தெடுத்தேன் என்பார். எங்கள் வீட்டுச் சைக்கிளில் இரண்டு கம்பி உடைந்து சில்லு நெளிந்து ஓடியது. அதற்கு ஒரு கம்பி தாங்கோ என்றால் தரமாட்டார்.

"அது புளியங்குளத்துக்கு வைச்சிருக்கிறன்."

இதைக் கேட்டு எந்தப் பெண்சாதிக்குக் கோபம் வராது?

வவுனியா என் குசினிக்குள்

வடக்குப் பாதை நேர்ப் பாதை. வளைவு மிகவும் குறைவு. இவரின் அறையோ ஓமந்தையோடு முடிந்துவிட்டது. வவுனியாவுக்கு இடமில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது குசினிச் சுவரில் ஷெல் பட்ட ஓட்டை ஒன்று இருந்தது. மேசனைக் கூப்பிட்டு அடையுங்கோ, பூனை வருகிறது என்று நான் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனேன். "பொறும்" என்றார். பொறுத்தேன். ஒருநாள் பார்த்தால் அந்த ஓட்டைக்குள்ளால் பலகையை விட்டு, பாதையைக் குசினிக்குள் கொண்டுவந்து, என் அடுப்புக்குப் பக்கத்தில் வவுனியாவைக் கட்டிவிட்டார்!

ஓமந்தையில் சோதனைச்சாவடி இருந்த காலம் அது. இறங்கி, பொதியை அவிழ்த்துக் காட்டி, வரிசையில் நின்று, நடந்து போய் ஏறவேண்டும். எங்கள் வீட்டிலும் ஓமந்தையில்தான் சுவர். கோச்சி அந்த ஓட்டைக்குள் போகும்போது நான் குசினியில் இருந்து, "எல்லாரும் இறங்குங்கோ, பாக்கை அவிழுங்கோ" என்று கத்துவேன். இவர் அந்தப் பக்கத்தில் இருந்து சிரிப்பார். நல்ல சிரிப்பு அவருக்கு. தன் பல்லுத்தான், கட்டினது இல்லை.

நான் ஏறாத கோச்சி

இனி என் கதை.

கலியாணம் முடிந்த புதிதில் ஒருநாள் கேட்டார், "நீர் எத்தினை தரம் புகையிரதத்தில போயிருக்கிறீர்?"

"நான் கோச்சியைக் கண்ணாலயும் காணேல்ல. முல்லைத்தீவுக்கு ஆர் கோச்சி விட்டது?"

சோறு தின்றதில்லை என்று சொன்னதுபோல என்னைப் பார்த்தார். கோச்சி நின்று அப்போது ஒரு வருஷம். "ஓடத் தொடங்கட்டும். முதல் நாளே கிளிநொச்சி ஸ்ரேசனில உம்மை ஏத்திக்கொண்டு போறன். யன்னல் பக்கம் உமக்கு" என்றார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே படுத்திருந்த நாட்களில், யன்னல் பக்கம் இருந்து போகிறமாதிரி நானாகவே நினைத்துக்கொண்டு கிடப்பேன். அந்த ஆசை எனக்குள் எப்போது இவ்வளவு பெரிதாக வளர்ந்ததோ தெரியாது.

பாதை திறந்தது. வவுனியாவில் இருந்து கொழும்புக்குக் கோச்சி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பஸ் ஏறிப் போய், ஓமந்தையைத் தாண்டினால் வவுனியா. ஒரு நாள் வேலை. ஆனால் இவர் மாட்டேன் என்றார்.

"வவுனியாவில ஏறுறதுக்கோ இவ்வளவு காலம் இருந்தனாங்கள்? இஞ்ச வரும், றெஜி. அளக்க வருகினமாம் எண்டு கதைக்கினம். எங்கட ஸ்ரேசனிலயே ஏறுவம்."

இந்தப் பிழையை எங்கள் ஆட்கள் மட்டும்தான் விடுவார்கள். சமாதானம் வந்துவிட்டது, இனித் தண்டவாளமும் தானாக வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஊரெல்லாம் அப்படித்தான் இருந்தது. உதவித் திட்டம் வரும் என்று வீட்டுக்கு ஓடு போடாமல் தகரத்தோடு இருந்தவர்களும் உண்டு, இனிச் சண்டை வராது என்று ஓட்டுக்குக் கடன் எடுத்தவர்களும் உண்டு. இரண்டும் ஒரே நம்பிக்கைதான்.

இவருக்கென்ன? பல்லுப் பொடி வாங்க மாதத்துக்கு ஒருக்கால் வவுனியாவுக்குப் போய் வருவார். வந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். சாரத்தை மாற்றிக்கொண்டு நேரே எஞ்சினிடம் போவார். எனக்குத் தெரியாதா? அங்கே தான் மட்டும் ஏறி ஆசை தீர ஓடிவிட்டு, எனக்குக் கிளிநொச்சியைக் காட்டுகிறார் என்று வயிறு எரிந்தது. கேட்கவும் மனமில்லை. கேட்டால் பொய் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஒருநாள் நசீர் நானா புதுப் பல்லோடு வந்தார். நன்றாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தார். தேத்தண்ணி கொடுக்கும்போது தற்செயலாகச் சொன்னார்:

"உங்கட மனுசன் விசரன் தங்கச்சி, பைத்தியம். வவுனியா ஸ்ரேசனில வாங்கில இருக்கிறான். கோச்சி வருது, போகுது. இவன் பாத்துக்கொண்டு இருக்கிறான். நான் கேட்டன், வா தவம், மதவாச்சி மட்டும் ஒரு எட்டுப் போய்த் திரும்புவம் எண்டு. ரிக்கற் நான் எடுக்கிறன் எண்டனான். மாட்டானாம்."

"ஏனாம்?"

"அவா இன்னும் ஏறேல்ல நானா, எண்டான்."

தேத்தண்ணித் தட்டை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. கோச்சி நின்ற நாளில் இருந்து அந்த மனுசனும் கோச்சியில் ஏறவில்லை. கோச்சி விசர் பிடித்த மனுசன், கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிற கோச்சியில் கால் வைக்கவில்லை. நான் குசினிக்குள் போய் வவுனியாவுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன்.

அன்று பின்னேரம் சொன்னேன், "இஞ்சருங்கோ, நாங்கள் வவுனியாவில ஏறுவம்."

கம்பியைத் துடைத்துக்கொண்டு இருந்தவர் நிமிரவில்லை. "உமக்குக் கிளிநொச்சி எண்டெல்லோ சொன்னனான்."

"எனக்குக் கோச்சி எண்டுதான் சொன்னியள். யன்னல் எண்டு சொன்னியள். வவுனியாக் கோச்சிக்கு யன்னல் இல்லையோ?"

கையில் இருந்த கம்பியைத் துடைத்து முடித்து வைத்தார். பிறகு, "சரி" என்றார்.

பணியாரப் பயணம்

சரி என்றாரே தவிர, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியட்டும் என்றார். அது முடிந்தது. பல் வேலை கையில் கிடக்கு என்றார். பிறகு மழை. பிறகு யாரோ வெளிநாட்டில் இருந்து வந்து ஸ்ரேசனைப் பார்த்துவிட்டுப் போனார்களாம், ஆறு மாதத்தில் தண்டவாளம் போடுவார்களாம் என்று மறுபடியும் மனம் மாறினார். நான் ஏசினேன். இப்படியே வருஷங்கள் ஓடின. பாதை அத்தனை காலமும் திறந்துதான் கிடந்தது.

கடைசியில் ஒரு ஆவணிக்கு நாள் குறித்தோம். பனங்காய் விழுகிற காலம். கோச்சியில் சாப்பிட என்று பனங்காய்ப் பணியாரம் சுட்டேன். வீடெல்லாம் வாசம். நீலச் சேலையை மடித்து வைத்தேன். காற்றில் தலைமயிர் பறக்குமாம், அதற்கு ஊசியும் வாங்கி வைத்தேன்.

பயணத்துக்கு முதல் நாள் மத்தியானம் வீதியில் இருந்து வந்தவர்கள் சொன்னார்கள், பாதையைப் பூட்டியாச்சு. வடக்கே சண்டை தொடங்கிவிட்டதாம். ஓமந்தையிலும் விடுகிறார்கள் இல்லையாம்.

ரெண்டு நாளில் திறப்பார்கள் என்றார் இவர். 

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை இழுத்து, கிளிநொச்சி ஸ்ரேசனுக்கு முன்னால் இரண்டு கதிரையைப் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்.

"சேலையை உடுத்துக்கொண்டு வாரும். பிந்தினால் விட்டிட்டுப் போயிடும்."

உடுத்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. யன்னல் பக்கக் கதிரையில் இருத்தினார். சேட்டுப் பையில் இருந்து ஒரு தடித்த அட்டை ரிக்கற்றை எடுத்தார். கோச்சி நின்ற வருஷம் கிளிநொச்சியில் வாங்கி, பயணம் போகாமல் விட்டதாம். பல்லுக் குறட்டால் நுனியில் ஒரு கடி கடித்து என் கையில் தந்தார். பிறகு சுவிச்சைப் போட்டார்.

டக், டக் என்று போனது. பணியாரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டு பார்த்தோம். அந்த அறைக்கு வெளியே அன்றைக்கு ஊர் முழுக்கப் பதைபதைத்துக்கொண்டு நின்றது. எனக்கோ கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தது.

முறிகண்டி வந்தது. கோச்சி நிற்காமல் போனது.

"இண்டைக்கெண்டாலும் நிப்பாட்டக்கூடாதோ?"

"கடுகதி றெஜி."

"நான் முதன்முதலா ஏறியிருக்கிறன்."

"ஏறினால்? உமக்காகச் சரித்திரத்தை மாத்தேலுமோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பணியாரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். கோச்சி எனக்கு முன்னமே வவுனியாவுக்கு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சுவரை முட்டிக்கொண்டு உறுமிக்கொண்டு நின்றது.

கழற்றிய பாதை

பாதை திறக்கவில்லை. அதற்குப் பிறகு நசீர் நானாவையும் காணவில்லை. வவுனியாப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். பல்லுப் பொடி தீர்ந்தது, பற்றறி தீர்ந்தது. கோச்சி ஓடாமல் கிளிநொச்சி ஸ்ரேசனில் நின்றது. இவர் காலையில் துடைத்து வைப்பார்.

இரண்டு வருஷத்தில் சண்டை எங்கள் ஊருக்கே வந்தது; மாரி மழையோடு மழையாக நாங்களும் வீட்டை விட்டு எழும்பவேண்டி வந்தது. ஒரேயொரு சைக்கிள். அரிசி, சட்டி பானை, உடுப்பு, ஒரு தகரம். அந்தச் சைக்கிளின் பின்சில்லு ஏற்கெனவே நெளிந்தது. அவ்வளவு பாரத்துக்கு ஒரு மைல்கூடத் தாங்காது. கடைகளில் சைக்கிள் கம்பி என்ற பேச்சே இல்லை. சனமெல்லாம் சைக்கிளில்தானே போனது.

நான் கம்பி கேட்கவில்லை.  இவராகவே குசினிக்குள் வந்து வவுனியாவுக்கு முன்னால் குந்தினார். முதல் கம்பியின் வளைந்த நுனியைத் துளையில் இருந்து மெல்லத் தூக்கினார். ஒன்றையும் வெட்டாமல் வைத்ததால் ஒவ்வொன்றும் புதுக் கம்பியாகவே வந்தது. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம். கழற்றக் கழற்ற ஒரு துவாயில் சுற்றினார். முறிகண்டியில் நிறுத்தினார்.

"இது கிடக்கட்டும்" என்றார்.

"எஞ்சினை எடுக்கேல்லையோ?"

"அது ஸ்ரேசனில நிக்கட்டும்."

வெளியே வந்து சைக்கிளைக் கவிழ்த்து, உடைந்த கம்பிகளுக்குப் பதிலாகப் பூட்டினார். மிச்சத்தைத் துவாயோடு அரிசிப் பைக்குள் வைத்தார்.

வழியெல்லாம் கம்பி உடைந்தது. தருமபுரம் தாண்ட முதல் ஒன்று, விசுவமடுவில் இரண்டு, பிறகு சேற்றுக்குள் இறங்கியதில் இன்னும் சில. ஒவ்வொரு முறையும் ஓரமாக நிறுத்தி, துவாயை அவிழ்த்து, ஒரு கம்பியை எடுத்துப் பூட்டுவார். எங்களைப்போல நின்று தவித்த இரண்டு பேருக்கும் கொடுத்தார். "இது ஓமந்தை" என்று சொல்லி அவர் கொடுக்க, வாங்கிய ஒருவன் விழித்தான்.

விசுவமடு தாண்டிய ஒரு நாள் என் காலில் தகரம் வெட்டி வீங்கிவிட்டது. நடக்க ஏலவில்லை. அரிசிப் பையும் மெலிந்துவிட்டிருந்தது. இவர் சாமானை முன்பாரில் கட்டி, என்னைக் கரியரில் ஏற்றினார். வெயில் கொஞ்சம் எறித்தது. முன்னும் பின்னும் சனம். சனத்துக்குள்ளால் மெல்ல மிதித்தார்.

"ரிக்கற் வைச்சிருக்கிறீரோ?" என்று திரும்பாமல் கேட்டார்.

"எந்த ரிக்கற்?"

"இந்தச் சில்லில இப்ப இருக்கிறதில பாதிக்கு மேல எங்கட தண்டவாளம். நீர் ரெயில்பாதையிலதான் போறீர்."

கைப்பைக்குள் அந்த அட்டை இருந்தது. எடுத்து அவருடைய தோளுக்கு மேலால் நீட்டிக் காட்டினேன். சேறு பட்டிருந்தது. தலையை ஆட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகிறேன் என்று தெரியக்கூடாது என்பதற்காக வாயில் வந்ததைச் சொன்னேன்:

"அப்ப முறிகண்டியில நிப்பாட்டுங்கோ. கச்சான் வாங்கோணும்."

முறிகண்டி எங்களுக்குப் பின்னால் எங்கேயோ கிடந்தது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் தூரமாகிக்கொண்டு இருந்தது.

இவர் பிறேக்கைப் பிடித்தார். அந்த நடு றோட்டில், அவ்வளவு சனத்துக்குள், ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார்.

பின்னால் வந்த மனுசனின் சைக்கிள் எங்கள் மேல் முட்டப் பார்த்தது. "என்ன அண்ணை, நடு வழியில நிக்கிறியள்?" என்று ஏசினான்.

இவர் திரும்பி, "முறிகண்டி, தம்பி" என்றார்.

அந்த மனுசன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் சைக்கிளையும் நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.